பன்னிரண்டாம் எண்ணில் பதினோரு பேர்

எங்கள் கல்லூரிக் காலநிலைக் குழுவில் மொத்தம் பதினான்கு பேர். அதில் ஒன்பது பேர் வருகைப் பதிவில் சலுகை கிடைக்கும் என்று சேர்ந்தவர்கள். மூன்று பேர் அந்த ஒன்பது பேரில் ஒருத்திக்காகச் சேர்ந்தவர்கள். பூமியைக் காப்பாற்ற வேண்டும் என்று சேர்ந்தவர்கள் மிச்சமுள்ள இரண்டு பேர்தான். ஓசோன் தலைவன், நான் வாசகப் பொறுப்பாளன்.

ஓசோன் என்பது அவனுடைய பெயரில்லை. பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் ஐந்து நிமிடத்துக்குள் அந்தச் சொல்லைப் பதினேழு முறை சொன்னான். எண்ணியவன் நான். அன்றிலிருந்து அவனைப் பெற்றவளே எங்கள் வீட்டுக்கு ஃபோன் செய்தால் "ஓசோன் அங்க இருக்கானா?" என்றுதான் கேட்பாள். பெரும்பாலும் இருப்பான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவன் இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். என்னைவிடப் பதினோரு நாள் பெரியவன் என்பதால் என் அம்மா அவனை "மூத்தவனே" என்று கூப்பிடுவாள். நான் ஒரே பிள்ளை. ஆனாலும் இளையவன்.

வாசகப் பொறுப்பு என்றால் சுவரொட்டியில் என்ன எழுதுவது என்று யோசிப்பது, எழுதுவது, ஒட்டுவது, கல்லூரி முதல்வர் கூப்பிட்டால் போய்த் திட்டு வாங்குவது. ஓசோனுக்குப் பேச வரும், எழுத வராது. எனக்கு எழுத வரும், எழுந்து நின்று பேசினால் தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்திவிடுவார்கள். ஆளுக்குப் பாதியாக ஒரு முழுத் தலைவரைத் தயாரித்து வைத்திருந்தோம்.

அம்மா பன்னிரண்டாம் எண் பேருந்தின் நடத்துநர். எங்கள் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியில் கிளம்பி, சந்தை, பெரிய மருத்துவமனை, தையல் ஆலை, பழைய பாலம் வழியாக எங்கள் கல்லூரி வாசலில் முடியும் வண்டி. பதினாறு வருடமாக அதே தடம். ஏறுகிறவர்களில் பாதிப்பேர் எங்கே இறங்குவார்கள் என்பது அவர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். தூங்கிவிட்டவரைத் தோளில் தட்டி, "மருத்துவமனை வந்தாச்சு, மாத்திரை தீர்ந்துபோச்சுன்னு நேத்தே சொன்னீங்களே, இறங்குங்க" என்பாள். என்னிடமும் டிக்கெட் கேட்பாள். "அம்மா, நான்தாம்மா" என்று முதல் வருடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "பாத்தா தெரியுது. எங்க இறங்கணும்?" என்றாள்.

அந்தச் சாலையில் இடது ஓரமாக மஞ்சள் கோடு போட்டுப் பேருந்துக்கு மட்டும் என்று ஒரு தடம் ஒதுக்கியிருந்தார்கள். நல்ல எண்ணம் கொண்ட முந்தைய நகராட்சி செய்த வேலை. அதனாலேயே முந்தைய நகராட்சி ஆகிவிட்டது. மற்ற இரண்டு தடத்திலும் கார்கள் ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு நிற்க, பன்னிரண்டாம் எண் பக்கத்தில் ஹாயாகப் போகும். காருக்குள் இருப்பவர்கள் கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை ஓட்டாக மாற்றத் தெரிந்தவர்தான் எங்கள் பகுதி நகராட்சி உறுப்பினர். "சாலை எல்லோருக்கும்" என்று சொல்லி ஜெயித்தார். எல்லோருக்கும் என்றால் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் என்பது அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

ஓசோனின் சித்தப்பா அந்த உறுப்பினரிடம் உதவியாளர். இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்துவிட்டேன் என்பீர்கள்.

*

சைக்கிள் வாரம் என் யோசனை. பெருமைக்காகச் சொல்லவில்லை, வாக்குமூலமாகச் சொல்கிறேன். ஒரு வாரம் யாரும் மோட்டார் வண்டியைத் தொடக்கூடாது, எல்லோரும் சைக்கிள். தேர்வு முடிந்து அடுத்த மாதம் முதல் வாரம் நடத்துவதாகப் பேசியிருந்தோம். ஒருநாள் ஓசோன் வந்து, "தேதிய முன்னாடி தள்ளியாச்சு. வர்ற திங்கக்கிழமை" என்றான்.

"தேர்வுக்கு முந்தின வாரமா? எவன்டா வருவான்?"

"இருநூறு சைக்கிள் சும்மா கிடைக்குது. வாடகைக்கு விடுற கம்பெனி குடுக்குது. ஆனா அந்த ஒரு வாரம்தான் குடுக்குமாம். உறுப்பினர் ஏற்பாடு."

"அவரு எதுக்குடா நமக்கு ஏற்பாடு பண்றாரு?"

"அவருக்கும் பூமி இருக்குல்ல?"

யோசித்துப் பார்த்தேன். இருந்தது. அதுவும் நிறைய இடங்களில்.

நான் முதலில் எழுதிய வாசகம்: 'கார் கதவைச் சாத்து, காற்றுக்குக் கதவைத் திற.' ஓசோன் படித்துவிட்டு உதட்டைச் சுழித்தான்.

"கார்காரங்கள நேரடியா தாக்குற மாதிரி இருக்கு. மனசு புண்படும்."

"புண்படணும்னுதான்டா எழுதினேன்."

"எல்லாரையும் சேத்துக்கிட்டுப் போகணும்டா. உனக்குத்தான் கிண்டல் நல்லா வருமே, பஸ்ஸ வெச்சு ஏதாச்சும் எழுதேன். பசங்க எல்லாம் பஸ்ஸுலதான வர்றானுங்க, சட்டுனு ஒட்டிக்கும்."

பஸ்ஸை வைத்து எழுதினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. 'பஸ்ஸுக்காக நீ காத்திருக்கலாம். பூமி காத்திருக்காது.' ஓசோன் என்னைக் கட்டிப்பிடித்தான். எழுதுகிறவனுக்கு அது போதும். ஒரு கட்டிப்பிடிப்புக்கு நாங்கள் குடும்பத்தையே எழுதிக் கொடுத்துவிடுவோம்.

சுவரொட்டியை ஒட்ட நல்ல இடம் எது என்று பார்த்தால், பேருந்துதான். பணிமனையில் வண்டி நிற்கும்போது அம்மாவிடம் கேட்டேன். அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"என்னடா, என் வண்டியையே வார்றே?"

"சும்மா கிண்டல்மா. ஒரு வாரம்தானே."

"டிரைவரண்ணே, இங்க பாருங்க. எம் பிள்ளை நம்மள எவ்ளோ அழகா திட்டியிருக்கான்னு."

டிரைவர் மாமா இருக்கையிலிருந்தே கழுத்தை நீட்டிப் படித்தார். "கையெழுத்து உங்கள மாதிரியே குண்டு குண்டா இருக்கு தங்கச்சி" என்றார். அம்மாவே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். "நேரா ஒட்டுடா. கோணலா ஒட்டினா வண்டியே கோணலாத் தெரியும்." ஏழு சுவரொட்டிகள். ஏழையும் அவள்தான் பிடித்தாள்.

*

திங்கட்கிழமை காலை உறுப்பினர் மூன்று கார்களோடு வந்து சைக்கிள் வாரத்தைத் தொடங்கி வைத்தார். முதல் காரிலிருந்து இறங்கி, சைக்கிளில் ஏறி, நாற்பதடி ஓட்டி, மூன்றாவது காரில் ஏறிக்கொண்டார். நடுவிலிருந்த கார் எதற்கு என்று கேட்டேன். சைக்கிள் அதில்தான் வந்தது என்றார்கள்.

வாரம் மகத்தான வெற்றி. இருநூறு சைக்கிளும் போதவில்லை, சொந்தச் சைக்கிளைத் தூசி தட்டிக்கொண்டு வந்தவர்கள் வேறு. சாலையோரம் நின்று சைக்கிளில் வருகிறவர்களை நோட்டில் குறித்துக்கொண்டேன். மூன்றாம் நாள்தான் ஒரு விஷயம் உறைத்தது. வருகிற முகமெல்லாம் எனக்குத் தெரிந்த முகமாக இருந்தது. ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடுகிறவன், படிக்கட்டில் தொங்கி அம்மாவிடம் தினமும் வசவு வாங்குகிறவன், கணக்குத் துறைக் கூட்டம். எல்லோரும் பன்னிரண்டாம் எண் ஆட்கள். காரில் வருகிறவர்கள் காரில்தான் வந்தார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் மோட்டார் சைக்கிளில்தான் வந்தார்கள். எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்கள், சிலர் ஆரன் அடித்து ஆதரவு கொடுத்தார்கள். சாலையில் புகை ஒரு மூச்சுக்கூடக் குறையவில்லை. ஏற்கெனவே நல்ல பிள்ளையாக இருந்தவர்களை அழைத்து இன்னும் நல்ல பிள்ளைகளாக ஆக்கிவிட்டோம்.

இதை ஓசோனிடம் சொன்னேன். "முதல் அடி அப்படித்தான்டா இருக்கும்" என்றான்.

அந்த வாரம் அம்மா வீட்டுக்குச் சீக்கிரம் வந்தாள், கால் வலிக்கவில்லை என்றாள். "எட்டரை மணி வண்டியில பத்து பதினோரு பேர்டா. நானே ஒரு சீட்டுல உக்காந்து வந்தேன்னா பாத்துக்கோ." அப்புறம் சிரித்துக்கொண்டே, "பாவம், புதுசா ஒருத்தர் வர்றாரு. கடைசி சீட்டு. கையில என்னத்தையோ வெச்சு அமுக்கிக்கிட்டே இருக்காரு. கை மரத்துப்போனவங்களுக்கு டாக்டர் குடுப்பாங்களே, பிடிச்சு அமுக்குற சாமான், அது மாதிரி. சின்ன வயசுதான். எந்தக் கை வராம போச்சோன்னு கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. ஆடாத சீட்டா பாத்து முன்னாடி உக்கார வெச்சேன்" என்றாள்.

"அவரு என்ன சொன்னாரு?"

"முன்னாடி உக்காந்தா எல்லாரும் தெரியல, பின்னாடியே இருக்கேன்னாரு. நல்ல மனுஷன், எல்லாரையும் பாத்துக்கிட்டே வரணும்ங்கிறாரு."

அடுத்த திங்கட்கிழமை சைக்கிள்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டாம் எண்ணில் மறுபடியும் மூச்சுவிட இடமில்லை. புதியவர் மட்டும் வரவில்லை. கை சரியாகியிருக்கும் என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

*

ஒரு மாதம் கழித்துப் பேருந்துக்குள், என் சுவரொட்டிக்குப் பக்கத்திலேயே, போக்குவரத்து அலுவலகத்தின் அறிவிப்பு ஒட்டப்பட்டது. பயணிகள் போதுமான அளவில் இல்லாததால் பன்னிரண்டாம் எண் தடத்தை நிறுத்த உத்தேசம். ஒரு நடைக்கு இருபது பேர் வரவேண்டும். வந்தது பதினோரு பேர். ஆட்சேபம் உள்ளவர்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வரலாம். அதுவரை இது தொடர்பான கோப்பினை அலுவலகத்தில் பார்வையிடலாம்.

டிரைவர் மாமாதான் விளக்கினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் ஆள் எண்ணுவார்கள். எந்த வாரம் என்று நடத்துநருக்கோ ஓட்டுநருக்கோ தெரியவே கூடாது. தெரிந்தால் சொந்தக்காரர்களையெல்லாம் ஏற்றிவிடுவார்கள் என்று பயம். அலுவலகத்தில் இரண்டொருவருக்கும் அந்தப் பகுதி உறுப்பினருக்கும் மட்டும் முன்கூட்டியே கடிதம் போகும்.

"கையில அமுக்கிக்கிட்டே வந்தாரே, அவரு கைவலிக்காரர் இல்ல தங்கச்சி. ஆள் எண்ணுற மெஷின் அது. ஒரு ஆளுக்கு ஒரு அமுக்கு."

அம்மா அறிவிப்பை இன்னொரு முறை படித்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னும் நல்ல சீட்டாக் குடுத்திருப்பேனே" என்றாள். மாமா சிரித்தார், அவள் சிரிக்கவில்லை. தடம் போனால் அவளை நகரத்தின் அந்தக் கோடியிலுள்ள பணிமனைக்கு மாற்றுவார்கள். அங்கே காலை ஐந்து மணி வண்டிக்கு நாலரைக்கு நிற்க வேண்டும். முழங்கால் தேய்ந்துகொண்டிருந்தது. ஓய்வுக்கு இன்னும் ஆறு வருடம்.

"அந்த வாரம் சைக்கிள் ஓடினதாலதான் ஆள் இல்லைன்னு சொன்னா கேப்பாங்கம்மா" என்றேன். "நான் எழுதித் தர்றேன்."

"மூத்தவன விட்டு பேசச் சொல்லு. நீ எழுதிக் குடு, அவன் பேசட்டும். அவன் பேசினா யாரும் மறுக்க மாட்டாங்க."

கோப்பைப் பார்க்க நான் தனியாகத்தான் போனேன். ஓசோனுக்கு அன்று ஏதோ நேர்காணல். வெளிநாட்டில் காலநிலை மாநாடு நடக்கிறது, இளைஞர் குழுவில் ஒருவனாகப் போக உறுப்பினரின் பரிந்துரை கிடைத்திருக்கிறது என்று சொல்லியிருந்தான். நாலாயிரம் பேர் விமானத்தில் பறந்துபோய், பறப்பதைக் குறைப்பது எப்படி என்று பேசுகிற மாநாடு. நான் அவனுக்காகச் சந்தோஷப்பட்டேன். கோட்டு இல்லையென்றான். அம்மாதான் யாரிடமோ கேட்டு வாங்கித் தந்தாள்.

அலுவலகத்தில் கோப்பை ஒரு மேசையோடு சங்கிலி போட்டுக் கட்டாத குறையாக வைத்திருந்தார்கள். எழுத்தர் எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். எண்ணிக்கை அட்டவணை, வரைபடம், மஞ்சள் கோட்டை அழித்துவிட்டுப் பச்சைச் சாயம் பூசிப் 'பசுமைப் பாதை' அமைக்கும் திட்டம். பச்சைச் சாயத்தின் மேல் மின்சாரக் கார்கள் நிற்க இடம். பின்னிணைப்பாக ஒரு கடிதம்.

எங்கள் குழுவின் தாள். ஓசோனின் கையெழுத்து. 'கணக்கெடுப்பு வாரத்தில் எங்கள் மாணவர்கள் பேருந்தைக் கைவிட்டு மாற்று வழியைத் தாமாகவே தேர்ந்தெடுப்பார்கள் என்று உறுதியளிக்கிறோம். புகை கக்கும் பழைய பேருந்துக்கு இனி இந்தச் சாலையில் அவசியமில்லை என்பதை அது மெய்ப்பிக்கும்.' கீழே, மேற்கோள் குறிக்குள், இளைஞர்களின் குரல் என்ற தலைப்போடு: 'பஸ்ஸுக்காக நீ காத்திருக்கலாம். பூமி காத்திருக்காது.'

தேதியைப் பார்த்தேன். சைக்கிள் வாரத்துக்கு நான்கு நாள் முன்பு. 'தேர்ந்தெடுப்பார்கள்.' வருங்காலம்.

"முடிச்சிட்டீங்களா தம்பி?" என்றார் எழுத்தர்.

"முடிச்சிட்டாங்க சார்" என்றேன்.

*

ஓசோன் கல்லூரிச் சைக்கிள் நிறுத்தத்தில் இருந்தான். இரவல் கோட்டு போட்டிருந்தான், தோள்பட்டை ஒரு விரல் அகலம் கூடுதல். கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். இல்லை என்று சொல்வான், நானும் நம்பிவிடலாம் என்று ஓர் ஆசை இருந்தது. அவன் இல்லை என்று சொல்லவில்லை.

"அந்த வண்டி விடுற புகைய நீ பாத்திருக்கேல்ல? மேட்டுல ஏறும்போது பின்னாடி வர்றவன் கண்ணு தெரியாது. நீயே அதப்பத்தி கட்டுரை எழுதியிருக்கே."

"ஒரு வண்டி புகைக்கு எண்பது பேர் போறான்டா. அந்த எண்பது பேரும் நாளைக்கு எண்பது வண்டி வாங்குவான்."

"வாங்க மாட்டான். மின்சார மினி பஸ் விடுறேன்னு சொல்லியிருக்காரு. பழசு போனாத்தான் புதுசு வரும்."

"எழுத்துல குடுத்திருக்காரா?"

அவன் கோட்டின் பொத்தானைத் திருகினான்.

"அம்மா வேலைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சித்தப்பா சத்தியம் பண்ணிச் சொன்னாருடா. மாத்துவாங்க, அவ்வளவுதான். நான் கேட்டுட்டுத்தான் செஞ்சேன். கேக்காம இருப்பேனா? எங்கம்மா மாதிரிடா அவங்க."

"உங்கம்மா மாதிரின்னா, எங்கம்மாகிட்ட கேட்டிருக்கணும். சித்தப்பாகிட்ட இல்ல."

அவன் பேசாமல் நின்றான். ஐந்து நிமிடத்துக்குள் பதினேழு முறை ஒரு சொல்லைச் சொல்லக்கூடியவன்.

"சரி, என்கிட்டயாச்சும் ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ எழுதியிருக்க மாட்டே."

அதைவிட நேர்மையான பதிலை அவன் வாழ்நாளில் சொன்னதில்லை. அடிக்கலாம் என்று தோன்றியது. கோட்டு இரவல் என்பதால் விட்டுவிட்டேன். அப்படித்தான் பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குக் கை எழவேயில்லை. மரத்துப்போயிருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவன் வரவில்லை. அம்மா அவனுக்கும் தட்டு வைத்திருந்தாள். "எங்கடா மூத்தவன்?" என்றாள். "பயணத்துக்கு ரெடி ஆகுறான்" என்றேன். கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எல்லோர் முன்னாலும் ஆவணத்தோடு அவனைத் தோலுரித்தால் அம்மாவுக்கு அது ஒரு பரிசு போல இருக்கும் என்று முட்டாள்தனமாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன்.

*

கருத்துக் கேட்புக் கூட்டம் நகராட்சி மண்டபத்தில், பகல் பதினோரு மணிக்கு. வேலைக்குப் போகிறவன் வரமுடியாத நேரம். வந்தவர்கள் பெரும்பாலும் கார்க்காரர்கள், வாசலில் நிறுத்த இடமில்லாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். தையல் ஆலையிலிருந்து நான்கு பெண்கள் அரைநாள் விடுப்புப் போட்டு வந்திருந்தார்கள். அம்மா சீருடையில் டிரைவர் மாமாவோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஓசோன் வரவில்லை.

மேடையில் போக்குவரத்து அதிகாரி. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மனிதர் தூங்கிக்கொண்டே படிக்கிறாரோ என்று சந்தேகம் வரும்.

தையல் ஆலைப் பெண்களில் மூத்தவர் எழுந்தார். "நாங்க காலையில ஆறு மணி வண்டியில அம்பது பேரு போறோம். எங்கள ஏன் சார் எண்ணல?"

"நெரிசல் நேரம் மட்டுமே கணக்கெடுப்புக்கு உட்பட்டது. எட்டிலிருந்து பத்து. மாலை நாலிலிருந்து ஆறு."

"அம்பது பேரு நெருக்கியடிச்சுப் போனா அது நெரிசல் இல்லையா?"

"அது நெரிசல். ஆனா நெரிசல் நேரம் இல்ல."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்தேன். தொண்டைக்குள் கதவு சாத்தத் தொடங்கியது, ஒரு காலை உள்ளே வைத்துத் தடுத்தேன். கணக்கெடுப்பு நடந்த வாரம் முன்கூட்டியே கசிந்தது, அதே வாரத்தில் சைக்கிள் வாரம் வைக்கப்பட்டது, அதற்கு இந்தக் கடிதமே சாட்சி, இதில் கையெழுத்துப் போட்டவன் பெயர் இது என்று ஓசோனின் நிஜப் பெயரைச் சொன்னேன். அவன் பெயரை அம்மா கேட்டுப் பல வருடம் ஆகியிருக்கும். கொஞ்சம் தாமதமாகத்தான் அவளுக்குப் புரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவர் மாமா "தங்கச்சி, தங்கச்சி" என்று மெதுவாகச் சொல்வது மட்டும் கேட்டது.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தைப் புரட்டினார்.

"நீங்க இந்தக் குழுவில உறுப்பினரா?"

"ஆமா சார்."

"அந்த வாரம் மாணவர்கள் பேருந்துல வரல. சரியா?"

"சரிதான் சார், ஆனா..."

"யாராவது மிரட்டினாங்களா?"

"இல்ல சார்."

"பணம் குடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதனால வரல?"

மண்டபம் என்னைப் பார்த்தது. "சுவரொட்டி பாத்து" என்றேன்.

"இந்த வாசகமா?" அவர் அதை வாய்விட்டுப் படித்தார். அந்தக் குரலிலும் அது நன்றாகத்தான் இருந்தது. முன்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். "இது யார் எழுதினது?"

"நான் சார்."

அதிகாரி குனிந்து எழுதினார். எழுதியதை விதிப்படி எனக்கு வாசித்தும் காட்டினார். "மாணவர்கள் கட்டாயமின்றி, தூண்டுதலாலும் சுயவிருப்பத்தாலும் பேருந்தைத் தவிர்த்தனர் என்பதை வாசகத்தின் ஆசிரியரே நேரில் உறுதிப்படுத்தினார். பதிவு செய்யப்பட்டது. அடுத்தவர்?"

அடுத்தவர் காருக்கு நிழல் வேண்டும் என்றார்.

*

மாதக் கடைசியோடு பன்னிரண்டாம் எண் நின்றது. மஞ்சள் கோட்டின் மேல் பச்சைச் சாயம் ஏறியது. மினி பஸ் வரவில்லை. எங்கள் வகுப்பில் மட்டும் இருபத்திரண்டு பேர் கடன் வாங்கி மோட்டார் சைக்கிள் எடுத்தார்கள். தையல் ஆலைப் பெண்கள் ஒரு சரக்கு வேனில் நின்றுகொண்டு போகிறார்கள். ஓசோன் மாநாட்டிலிருந்து படம் போட்டான், அந்த இரவல் கோட்டோடு. அதற்கு நான் எதுவும் எழுதவில்லை. பல நாட்கள் எழுதவே இல்லை.

அம்மா என்னிடம் கோபப்பட்டிருந்தால் தேவலை. சாப்பாடு போட்டாள், சட்டை துவைத்தாயா என்று கேட்டாள். கூட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஆரம்பித்தேன்.

"இப்படி ஒருத்தனப் போய் மூத்தவன்னு கூப்பிட்டியேம்மா."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. "அவன் என்ன பண்ணினான்? கையெழுத்துப் போட்டான்."

"அதான் துரோகம்."

"ஆமா, துரோகம்தான். இல்லேன்னா சொல்றேன்? ஆனா அவன் கையெழுத்தப் பாத்து ஒருத்தனும் என் வண்டிய விட்டு இறங்கல. அவனுக்கு எழுத வராது. உனக்குத்தான் வரும்."

"எனக்குத் தெரியாதும்மா. அந்த வாரம்தான் எண்ணுறாங்கன்னு..."

"எண்ணலேன்னா சரியா? வண்டிக்கு எதிரா எழுதுறோம்னு தெரியும்ல? நானே சிரிச்சுக்கிட்டுப் பிடிச்சேனே, அத என்ன சொல்ல. எம் பிள்ளை எழுதினா தப்பா இருக்காதுன்னு பிடிச்சேன்." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான் என்று வைத்துக்கொண்டோம், இருவருமே.

அன்றிரவே மனு எழுத உட்கார்ந்தேன். கிண்டல் இல்லை, எதுகை மோனை இல்லை. கணக்கெடுப்பை மறுபடி நடத்த வேண்டும், ஆறு மணி வண்டியையும் எண்ண வேண்டும், வாரத்தைக் கசியவிட்டது யார் என்று விசாரிக்க வேண்டும். நான்கு பக்கம். நாலு நாள் திருத்தினேன். ஐந்தாம் நாள் காலை அம்மா வேலைக்குக் கிளம்பும்போது கையில் கொடுத்தேன். புதுப் பணிமனைக்கு இங்கிருந்து பேருந்து கிடையாது. டிரைவர் மாமாவும் அங்கேதான் மாற்றலானார், தவணையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார். பேருந்தில் வேலை பார்க்க இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள்.

அம்மா விளக்குக்கு அடியில் நின்று நான்கு பக்கத்தையும் படித்தாள். டிக்கெட்டைச் சரிபார்க்கிற மாதிரி, வரிவரியாக. வெளியே ஆரன் சத்தம் கேட்டது.

"முதல் கையெழுத்து நீ போடும்மா" என்றேன்.

அவள் சீருடைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு எண்ணை அடித்தாள். "ஆறு மணி வண்டியில அம்பது இல்ல, அம்பத்திமூணு. மூணு பேரு பாலத்துக்கிட்ட ஏறுவாங்க, வீட்டு வேலைக்குப் போறவங்க." மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியின் கீழ் கோடு போட்டாள். "இது என்ன, 'ஏமாற்றப்பட்ட மாணவர்கள்'? மாணவர்கள எவன் ஏமாத்தினான்? இத எடு."

"எடுத்துடறேன். கையெழுத்து?"

பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"அவங்க அம்பத்திமூணு பேர்கிட்டயும் போய்ப் படிச்சுக் காட்டிட்டு வா. சும்மா குடுத்து வாங்காத, படிச்சுக் காட்டு. அவங்க போடட்டும். அப்புறம் பாக்கலாம்."

மறுபடியும் ஆரன். "வர்றேண்ணே!" என்று குரல் கொடுத்துக்கொண்டே படியிறங்கினாள், முழங்காலைப் பிடித்தபடி. மோட்டார் சைக்கிள் ஒருமுறை இருமி, தெரு முழுக்கப் புகையை விட்டுக் கிளம்பியது. ஆறு மணிக்குச் சரக்கு வேன் தண்ணீர்த் தொட்டிக்கு வரும். நான்கு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு சட்டையை மாட்டினேன்.